கண்ணாடிக் கடலில் புதுக்குடி

கடல்நீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டி ஒன்றில் ஐந்தாறு மீன்கள் பல மாதங்களாக அமைதியுடன் வாழ்ந்து வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். தொட்டியின் சொந்தக்காரர் ஒரு நாள் புதிய மீன் ஒன்றை வாங்கி வந்து அதில் விடுகிறார். விரல் நீளமே உள்ள பழைய மீன் ஒன்று பாறை இடுக்கிலிருந்து அம்புபோல் பாய்ந்து, தன்னைவிட இரு மடங்கு பெரிய புது மீனைத் துரத்தத் தொடங்குகிறது. புது மீன் மூலைக்கு மூலை ஓடுகிறது. திறந்த கடலாயிருந்தால் பத்து முழம் தள்ளிப் போய்த் தப்பியிருக்கும். கண்ணாடிச் சுவர் அதற்கு இடங்கொடுப்பதில்லை. பொழுது விடியும்போது துடுப்புகள் கிழிந்து பாறைக்குப் பின்னால் செத்துக் கிடக்கிறது. அல்லது தொட்டியை விட்டுத் துள்ளித் தரையில் விழுந்து கிடக்கிறது. கடல்மீன் வளர்ப்போர் அறிந்த காட்சி இது. இதைத் தவிர்ப்பது எப்படி என்று மனிதர் யோசிக்கத் தொடங்கி ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் ஆகின்றன. நேயர்களே, அந்தச் சரித்திரத்தையே இங்குச் சொல்ல எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பண்டை நாளில் கடல்மீனை உயிரோடு வீட்டில் வைத்துப் பார்க்கும் ஆசை பெரும் அளவில் பிடித்தாட்டியது ரோமாபுரிச் செல்வர்களைத்தான். கிறிஸ்துவுக்கு முந்திய முதல் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் வளைகுடாக் கரையோரம் அவர்கள் மாளிகைகள் எழுப்பி, கடல்நீர் வந்து போகும் குளங்களை அமைத்தார்கள். லுக்குல்லஸ் என்ற படைத்தலைவர் தம் மீன்களுக்குக் கடல்நீர் கொண்டுவருவதற்காக ஒரு மலையையே குடைந்தார். ஹார்ட்டென்ஸியஸ் என்ற புகழ்பெற்ற வழக்கறிஞரோ, தம் குளத்து மீனைத் தின்ன மனமில்லாமல், உணவுக்கு வேண்டிய மீனைப் பக்கத்து ஊர்ச் சந்தையில் விலைக்கு வாங்குவாராம். அவர் வளர்த்த அஞ்சாலை மீன் ஒன்று இறந்தபோது கண்ணீர் விட்டு அழுதார் என்று பிளினி எழுதி வைத்திருக்கிறார். சிரிக்கத் தோன்றும் செய்திதான். ஆனால் அந்தச் செல்வர்களின் பைத்தியத்திலிருந்து சில நல்ல பாடங்களும் கிடைத்தன.

வார்ரோ என்ற ரோமானிய அறிஞர் கி.மு. 37-இல், எண்பதாம் பிராயத்தில், விவசாயத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஓவியர்கள் வெவ்வேறு வண்ணங்களை வெவ்வேறு அறைகளில் இட்டு வைக்கும் பெட்டியைப் போல, செல்வர்களின் குளங்களும் ஒவ்வொரு வகை மீனுக்கும் ஓர் அறையாகத் தடுக்கப்பட்டிருந்தன என்று அதில் கூறுகிறார். அவருக்குச் சுமார் நூறு ஆண்டு பின்னால் வந்த கொலுமெல்லா இன்னும் நுட்பமாகப் பார்த்தவர். குளத்தின் சுவரில் மீன்கள் பதுங்குவதற்குக் குகைகள் விட வேண்டும். செதில் மீன்களுக்கு நேரான குகையும், அஞ்சாலைக்கு நத்தைக் கூட்டைப்போல் சுருண்ட குகையும் ஏற்றவை. கடற்பாசி படர்ந்த பாறைகளைக் கொண்டுவந்து போட்டால் தாம் சிறைப்பட்டிருப்பதை மீன்கள் உணரமாட்டா என்பவை அவருடைய யோசனைகள். அஞ்சாலையைப் பிற மீன்களோடு கலந்து விடச் சிலர் விரும்புவதில்லை என்றும், நாய்க்கு வெறி பிடிப்பதுபோல் அதற்கும் பிடித்தால் செதில் மீன்களைத் துரத்திப் பலவற்றைத் தின்று தீர்த்துவிடும் என்றும் அவரே எச்சரிக்கிறார். வெறி என்று அவர் சொன்ன காரணத்தை இன்று யாரும் ஏற்கமாட்டார்கள். தடுப்புச் சுவரும் பதுங்கிடமும் வேண்டும் என்ற அனுபவ முடிவு மட்டும் இன்றளவும் நிற்கிறது.

ரோம சாம்ராஜ்யம் மறைந்ததோடு அந்தக் குளங்களும் தூர்ந்தன. இனி நாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கே வந்துவிடலாம்.

ஸிஸிலித் தீவின் மெஸ்ஸினா துறைமுகத்தில் வாழ்ந்த ழான் வில்ப்ரே-பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி, ஆர்கோநாட் எனப்படும் ஓட்டுக் கணவாயை ஆராய்வதற்காக 1832-இல் கண்ணாடித் தொட்டிகளைச் செய்வித்தார். 1846-இல் அன்னா தைன் என்ற ஆங்கிலப் பெண்மணி டார்க்கீ கடற்கரையிலிருந்து பவள உயிர்களை லண்டனுக்கு எடுத்து வந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு காத்தார். நீரில் காற்றுக் கலக்கவேண்டும் அல்லவா? அதற்காகத் திறந்த சாளரத்தின் முன் நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தண்ணீரை ஆற்றி ஊற்றும் வேலை அவர் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு வாய்த்தது. காப்பி ஆற்றும் நம்மவர்க்கு அந்தப் பணிப்பெண்ணின் கைவலி நன்றாகவே புரியும். அந்த வேலையை நீர்ச் செடிகளே செய்துவிடும் என்று 1850-இல் விளக்கிக் காட்டியவர் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன அறிஞர். இரண்டு தங்கமீன்கள், சில நத்தைகள், ஒரு நீர்ப்பூண்டு ஆகியவற்றைக் கொண்டு அவர் நடத்திய சோதனை, பின்னர்க் கடல்நீர்த் தொட்டிக்கும் வழிகாட்டியது.

இங்கிலாந்தில் கண்ணாடிமீது விதித்திருந்த வரி 1845-இல் நீங்கியிருந்தது. ரயில் வண்டி நடுத்தரக் குடும்பங்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றது. ஆகவே நிலம் பண்பட்டிருந்தது எனலாம். 1853 மே மாதத்தில் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. அதற்குக் கடல் உயிர்களைச் சேகரித்துத் தந்த பிலிப் ஹென்றி காஸ் மறு ஆண்டில் 'அக்வேரியம்' என்ற நூலை வெளியிட்டார். லத்தீனில் அந்தச் சொல்லுக்குக் கால்நடை நீர் அருந்தும் துறை என்பது பொருள். மாடு நீர் குடிக்கும் துறையை மீன் வாழும் கண்ணாடிப் பெட்டிக்குப் பெயராக்கியது மொழிபெயர்ப்பாளர் எவரும் துணியாத காரியம். ஆனாலும் அது உலகமெங்கும் நிலைத்துவிட்டது.

அந்தக் காலத்தவர்களின் கவலையெல்லாம் காற்றும் தண்ணீரும்தான். மீன் செத்தால் நீர் கெட்டுவிட்டது என்பார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்தது. மீன்களுக்குள் மூண்ட சண்டையைப் பற்றி முறையான ஆராய்ச்சி எதுவும் நடக்கவில்லை. சண்டைக்கார மீனை எடுத்து வேறு ஜாடியில் இடுவதோடு சரி. செத்ததற்குப் பதிலாக இன்னொன்றைக் கடற்கரையிலிருந்து எளிதில் எடுத்து வந்துவிடலாம் என்ற நினைப்பும் இருந்தது. அந்த நினைப்பின் விலை சிறியதன்று. காஸின் மகன் எட்மண்ட் 1907-இல் வெளியிட்ட தம் வாழ்க்கை நூலில், தாம் சிறுவயதில் தந்தையுடன் சென்று பார்த்த பாறைக் குட்டைகளின் அழகெல்லாம் சேகரிப்பாளர்களின் கூட்டத்தால் சூறையாடப்பட்டு அழிந்ததை வேதனையோடு குறிப்பிடுகிறார். தந்தை எழுதிய நூலைப் படித்துவிட்டு வந்த கூட்டமும் அதில் சேர்ந்திருந்தது என்பதுதான் அந்த வேதனையின் உள்முள்.

பொதுமக்கள் பார்ப்பதற்கான பெரிய காட்சிசாலைகளுக்கு அடிப்படை வகுத்தவர் வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட். 1864-இல் ஹாம்பர்க்கிலும் 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பாலஸிலும் அவர் அமைத்த நிலையங்களில், காட்சித் தொட்டிகளைவிடப் பெரிய நீர்த்தேக்கம் ஒன்று இருட்டில் மறைவாக இருக்கும். நீர் அங்குச் சென்று தெளிந்து திரும்பிவரும். மறு ஆண்டில் பிரைட்டன் நகரிலும் ஒரு காட்சிசாலை எழுந்தது. அங்கு நடந்த ஒரு நிகழ்ச்சியை அதன் இயற்கை ஆராய்ச்சியாளராக இருந்த ஹென்றி லீ 1875-இல் எழுதிய நூலில் பதிவு செய்திருக்கிறார். ஒரு தொட்டியில் இருந்த லம்ப் மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமற்போயின. சுவரில் ஓட்டை இல்லை; திருடர் வந்த தடமும் இல்லை. ஒரு நாள் காலை பார்த்தபோது அடுத்த தொட்டியிலிருந்த பேய்க்கணவாய் இந்தத் தொட்டியில் உட்கார்ந்திருந்தது. இரவில் சுவரேறி வந்து, வயிறார உண்டு, விடியுமுன் தன் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த அது, அன்று மட்டும் நேரம் தப்பிவிட்டது! அடுத்தவீட்டான் யார் என்று அறிந்துகொள்வதும் மீன் வளர்ப்பில் ஒரு பகுதி என்பதைக் காட்சிசாலைக்காரர்கள் இப்படித்தான் கற்றார்கள்.

நம் நாட்டில் கடல்மீன்களுக்கென முதன்முதலில் காட்சிசாலை அமைந்த பெருமை சென்னைக்கு உரியது. அரும்பொருட்காட்சிசாலையின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் முயற்சியால் உருவான அது, 1909 அக்டோபரில் மெரீனாக் கடற்கரையில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அரும்பொருட்காட்சிசாலையைச் செத்த காலேஜ் என்றும், மிருகக்காட்சிசாலையை உயிர்க் காலேஜ் என்றும் வழங்கிய சென்னைவாசிகளுக்கு மூன்றாவதாக ஒரு காலேஜ் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் எதிரியின் குண்டுவீச்சுக்கு அஞ்சி 1942-இல் அதை மூடிவிட்டார்கள். பம்பாய் மெரீன் டிரைவில் தாராபூர்வாலா காட்சிசாலை 1951-இல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்தால் திறந்துவைக்கப்பட்டது. பம்பாயில் வளர்ந்த நேயர்கள் பலர் சிறுவயதில் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு அங்குச் சென்றிருப்பார்கள்.

மீன் ஏன் சண்டையிடுகிறது என்ற கேள்விக்கு விடை தேடிய கதை 1930-களில் ஹாலந்து தேசத்து லைடன் நகரில் தொடங்குகிறது. அங்கு நிக்கோ டின்பெர்கன் என்ற இளம் ஆசிரியர் ஸ்டிக்கிள்பேக் என்னும் சிறு முள்முதுகு மீனைத் தொட்டிகளில் வளர்த்து வந்தார். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனின் வயிறு சிவக்கும்; அது ஓரிடத்தைத் தனதாக்கிக் கூடு கட்டும்; சிவந்த வயிற்றோடு வரும் வேறோர் ஆணை விரட்டியடிக்கும். மீனைப்போலவே அச்சாகச் செய்த, ஆனால் சிவப்புப் பூசாத பொம்மையை அது அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. உருவமே சரியில்லாத மெழுகுக் கட்டிக்கு அடியில் சிவப்புப் பூசிக் காட்டினால் பாய்ந்தது. சாளரத்துக்கு வெளியே சிவப்புத் தபால் வண்டி சென்றபோதும் தொட்டி மீன்கள் அந்தப் பக்கமாகத் திரும்பிச் சீறியதைக் கண்டார்கள்.

அவர் செய்த மற்றொரு சோதனைதான் நம் விஷயத்துக்கு நேரடியானது. ஒரே தொட்டியில் இடப்புறம் ஓர் ஆணுக்கும் வலப்புறம் வேறோர் ஆணுக்கும் சொந்தம். இரண்டையும் தனித்தனிக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, இரு குழாய்களையும் இடப்புறம் கொண்டு சென்றால், இடப்புறத்து மீன் குழாய்க்குள்ளிருந்தே எதிரியைத் தாக்க முயலும். வலப்புறத்து மீன் தப்பியோடப் பார்க்கும். அதே குழாய்களை வலப்புறம் நகர்த்தினால் வீரனும் கோழையும் இடம் மாறிவிடுவார்கள். மீன்களும் அவையே, அவற்றின் பலமும் அதுவே. நிற்கும் நிலம் மட்டுமே மாறியது. வீரம் உடலில் மட்டும் இல்லை, ஊரிலும் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் காட்டியதில்லை.

இத்தகைய நிலவுரிமைக்கு ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக 'டெரிட்டரி' என்கிறார்கள். ஆட்சிப் பரப்பு என்று பெயர்த்தால் அரசாங்கக் கோப்பின் வாடை வீசுகிறது. காணி என்ற பழைய சொல்லே எனக்குப் பிடித்திருக்கிறது. மீனுக்கும் ஒரு காணி உண்டு. அதன் எல்லைகளை அது பாறையையும் பாசியையும் அடையாளமாக வைத்து அறிந்திருக்கிறது.

டின்பெர்கனின் நண்பர் கான்ராட் லோரென்ஸ் இந்தக் கேள்வியைப் பவளப் பாறைகளுக்கு எடுத்துச் சென்றார். புளோரிடாக் கடலடியில் நீந்திப் பார்த்ததையும் தம் ஆய்வகத் தொட்டிகளில் கண்டதையும் வைத்து அவர் 1963-இல் ஒரு நூல் எழுதினார். விளம்பரச் சுவரொட்டிபோல் பளிச்சிடும் வண்ணங்கொண்ட பவள மீன்கள் அயல் இனத்தைப் பெரும்பாலும் சும்மா விட்டுவிட்டுத் தம் இனத்தையே மூர்க்கமாகத் தாக்குகின்றன என்பது அவர் கண்டது. ஒரே இரையைத் தேடும் இரு மீன்கள் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டும் பட்டினி. விலகி இருந்தால் இரண்டும் பிழைக்கும். ஒரு வட்டாரத்தில் வைத்தியரும் கைவினைஞரும் தத்தம் தொழிலாளரிடமிருந்து எட்ட எட்டக் குடியேறுவது நல்லது என்று அவர் இதற்கு உவமை சொல்கிறார். ஒரே வீதியில் ஜவுளிக் கடைகள் வரிசையாக நின்று செழிப்பதைப் பார்த்த நமக்கு இந்த உவமை முழுதும் ஒப்பவில்லை; ஆனால் மீன் விஷயத்தில் பெருமளவு பொருந்துகிறது. பின்வந்தவர்களின் ஆராய்ச்சி அதைச் சற்றே திருத்தியது. டாம்செல் எனப்படும் சிறு மீன்களில் சில, பாறைமேல் பாசித் தோட்டம் வளர்த்து, அந்தப் பாசியை மேயக்கூடிய எந்த இனத்து மீனையும் விரட்டுகின்றன. ஆகவே இனம் மட்டுமன்று, இரையும் காரணமாகிறது.

மீனைப் பற்றிச் சொன்னதோடு லோரென்ஸ் நிற்கவில்லை. மனிதனின் போரும் பகையும் அதே இயல்பூக்கத்தின் வெளிப்பாடு என்று வாதிட்டார். இங்குச் சரித்திரம் ஒரு கசப்பான பக்கத்தைப் புரட்டுகிறது. 1938-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் அவர்; அந்தக் கட்சியின் இனக் கொள்கைக்கு இசைந்த மொழியில் கட்டுரைகளும் எழுதினார்; பிற்காலத்தில் அதற்காக வருந்தினார். டின்பெர்கனோ, யூதப் பேராசிரியர்கள் நீக்கப்பட்டதை எதிர்த்தவர்களுள் ஒருவராய், ஜெர்மானியரின் பணயக்கைதி முகாமில் இரண்டு ஆண்டுகள் அடைபட்டிருந்தார். போருக்குப் பின் இருவரும் மீண்டும் நண்பராயினர். 1973-இல் கார்ல் ஃபான் ஃபிரிஷ்ஷுடன் சேர்த்து இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. போர் மனிதனின் பிறவிக் குணம் என்ற கருத்துக்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று பல நாட்டு அறிஞர்கள் 1986-இல் ஸெவில் நகரில் கூடி அறிக்கை வெளியிட்டார்கள். 1989-இல் யுனெஸ்கோ அதை ஏற்றுக்கொண்டது. என் கருத்தும் அதுவே. பிற மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து அண்டை அயலாரோடு பேசிப் பழகி வாழ்கிறவர்கள் நாம். கண்ணாடித் தொட்டியின் நியதியைத் தெருவுக்கு இழுத்து வருவது மீனுக்கும் நியாயமன்று, மனிதருக்கும் நியாயமன்று.

தொட்டிக்கே திரும்புவோம். இந்த அறிவு மீன் வளர்ப்போரிடம் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் ஒரு தர்மசங்கடத்தில் சிக்கிக்கொண்டார்கள். மீனின் கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியா நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றுபவை நுண்ணுயிர்கள் என்பதை ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே கண்டிருந்தார். இந்த நுண்ணுயிர்கள் மெல்லப் பெருகுபவை. ஆதலால் ஒவ்வொரு மீனாக, வாரக்கணக்கில் இடைவெளி விட்டுச் சேர்க்க வேண்டும் என்பது ரசாயனத்தின் விதி. எல்லா மீனையும் ஒரே நாளில் விட்டால் எதற்கும் முன்னுரிமை இராது. சண்டை குறையும் என்பது டின்பெர்கன் குழாய்கள் காட்டிய விதி. இரண்டும் மெய், இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன. இந்தோனேசியாவில் லீ சின் எங் என்பவர், உயிரினங்கள் ஒட்டியிருக்கும் கடற்பாறையையே தொட்டியில் இட்டுக் காற்றுக் குமிழிகளை மட்டும் செலுத்தி நீரைத் தூய்மையாக வைக்கும் முறையை 1961-இல் எழுதி வெளியிட்டார். நுண்ணுயிர்களின் வீடும் மீன்களின் பதுங்கிடமும் ஒரே பாறையில் அமைந்தன. கொலுமெல்லா சொன்ன பாசிப் பாறைதான் இது. அவர் காரணம் அறியாமல் சொன்னார்.

இருந்தும் சங்கடம் முற்றும் தீரவில்லை. வளர்ப்போர் அனுபவத்தில் கண்ட சமரசம் வரிசைமுறையாகும். சாதுவான மீனை முதலில் விட்டு, அது ஊன்றிக்கொண்ட பிறகு அடுத்ததை விட்டு, எல்லாவற்றிலும் முரட்டு மீனைக் கடைசியில் சேர்க்கிறார்கள். டாம்செல் மீன் விலை மலிவு, உடல் உறுதி என்பதற்காக முதலில் அதை விட்டுத் தொட்டியைப் பழக்குவது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. அதைப்போல் பிழையான வழக்கம் வேறில்லை. முதலில் வந்த அந்த ஒரு விரல் மீன் தொட்டி முழுவதையும் தன் காணியாக்கிக்கொண்டு, பின்னால் வருபவை அத்தனையையும் படாத பாடு படுத்தும்.

ஏற்கெனவே குடியேறியவை இருக்கும் தொட்டியில் புது மீனைச் சேர்ப்பதற்கு முன், அதைத் தனித் தொட்டியில் நான்கு முதல் ஆறு வாரம் வைத்திருப்பது நலம். லண்டன் காட்சிசாலை மீன்களின் செவுள்களைப் பற்றியிருந்த ஓர் ஒட்டுண்ணி 1931-இல் விவரிக்கப்பட்டது முதல் இதற்கு நோய்த் தடுப்பே காரணமாகச் சொல்லப்படுகிறது. சண்டைக் கணக்கிலும் இதற்குப் பயன் உண்டு. நீண்ட பயணத்தால் நலிந்து, இரை எடுக்காமல், மூச்சு வாங்கிக்கொண்டு வரும் மீனைப் பழைய மீன்கள் உடனே அடையாளம் கண்டுகொள்ளும். தனிமையில் தேறிய மீனோ, கொடுக்கும் இரையை உண்ணப் பழகி, துரத்தினால் திரும்பி நிற்கும் தெம்போடு வருகிறது.

சேர்க்கும் நாளில் பாறைகளை எடுத்து வேறு விதமாக அடுக்குகிறார்கள். இது பழைய மீனின் பட்டாவை ரத்து செய்வதற்கு ஒப்பாகும். எல்லைக் கற்கள் காணாமற்போனதும் அதுவும் புதுக்குடியாகிவிடுகிறது. தன் வீட்டைத் தேடுவதிலேயே அன்றைய பொழுது அதற்குக் கழிந்துவிடும். பவளம் வளர்க்கும் தொட்டியில் பாறையைப் புரட்ட முடியாது. அங்கு வேறு உபாயம் வேண்டும். துளைகளிட்ட தெளிந்த பெட்டி ஒன்றைத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டு, புது மீனைச் சில நாட்கள் அதில் வைப்பதுதான் அந்த உபாயம். பழைய மீன் வந்து முட்டும், சீறும், வாலை வீசும், கடிக்க முடியாது. மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ அதற்குச் சலித்துவிடும். எல்லைக்கு அப்பால் உள்ள பழகிய அண்டை வீட்டாரை விடப் புதிதாக வருபவரிடமே பறவைகள் அதிகப் பகைமை காட்டுகின்றன என்று ஜேம்ஸ் ஃபிஷர் 1954-இல் எழுதி, அத்தகைய அண்டையரை 'அன்பான எதிரிகள்' என்று குறிப்பிட்டார். பெட்டி செய்யும் வேலையும் அதுவே. அந்நியனை அது அண்டையனாக்குகிறது. முட்டுதல் நின்ற பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். நாட்கணக்கைப் பார்த்துத் திறக்கலாகாது.

சில்லறை உபாயங்களும் உண்டு. பழைய மீன்களுக்கு வயிறு நிறைய இரையிட்ட பின்பு, விளக்கை அணைத்துப் புது மீனை விட்டால், இருளில் அது ஓர் இடுக்கைத் தேடிக்கொள்ளும். விடியும்போது அதற்கும் ஒரு வீடு இருக்கும். (அஞ்சாலை உள்ள தொட்டியில் இதைச் செய்ய வேண்டாம், அது இரவில் வேட்டையாடுவது.) தொட்டியின் வெளிப்புறம் ஒரு கண்ணாடியை ஒட்டி வைத்தால் மூர்க்கமான மீன் தன் பிம்பத்தோடு மல்லுக்கு நின்று, வந்தவனை மறந்துவிடும். சர்ஜன் மீன்களிடம் இது நன்றாகப் பலிக்கிறது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய உபாயம் பெரிய தொட்டிதான். ஓடுவதற்கு வழியே இல்லாத இடத்தில் எந்தத் தந்திரமும் அதிக நாள் உதவாது. ஒத்த உருவமும் ஒத்த நிறமும் ஒத்த இரையும் உள்ள இரண்டைச் சிறிய தொட்டியில் சேர்க்காமல் இருப்பதே அறிவுடைமை.

ஒரு மீன் செத்தால் இன்னொன்று வாங்கினால் போயிற்று என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். கடல்மீன் பெரும்பாலும் பண்ணையில் பிறப்பதில்லை. பவளப் பாறையிலிருந்து பிடித்து வரப்படுவது. பிலிப்பைன்ஸ் தீவுகளில் 1960-களில் மீனை மயக்கிப் பிடிக்க ஸயனைடைத் தண்ணீரில் பீய்ச்சும் வழக்கம் தொடங்கியது. ஒரு மீனுக்காக அருகிலிருந்த பவளமும் மடிந்தது. நம் நாட்டில் மன்னார் வளைகுடாவின் தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001-இல் பவளங்களும் கடற்குதிரைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. 1947-இல் தொடங்கி, ஆரம்பக் காலத்தில் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம், பிற்காலத்தில் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனம்பெருகச் செய்யும் முறைகளை வகுத்தது. பண்ணையில் பிறந்த இம்மீன்கள் கூட்டமாக வளர்ந்து, இட்ட இரையை உண்ணப் பழகியவை. கடலைக் குறைவுபடுத்தாமல் வருபவை. முதன்முதலாகக் கடல்மீன் வளர்ப்பவர்க்கு இவற்றையே நான் சிபாரிசு செய்வேன்.

ஆனால் கோமாளி மீனிடத்திலும் ஒரு ஒழுங்குமுறை இருக்கிறது. கடற்சாமந்தி ஒன்றில் வாழும் கூட்டத்தில் உருவத்தில் எல்லாவற்றிலும் பெரியது பெண். அடுத்தது அதன் கணவனான ஆண். மற்றவை வளர்ச்சி அடக்கப்பட்ட இளையவை. பெண் இறந்தால் ஆணே பெண்ணாக மாறிவிடும் என்பதையும், இளையவற்றில் மூத்தது ஆணாகும் என்பதையும் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் 1977-இல் வெளியிட்டார்கள். ஒவ்வொன்றும் தனக்கு மேலுள்ளதைவிட ஒரு படி சிறியதாகவே தன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது என்பது 2003-இல் வெளியான ஆராய்ச்சி. அப்படி நிறுத்தாதது சண்டையில் விரட்டப்படும். ஆகவே ஜோடியில் ஒன்று இறந்த பிறகு புதியது வாங்குபவர், எஞ்சியிருப்பது பெரிதா சிறிதா என்று பாராமல், அதைவிடத் தெளிவாகச் சிறிய இளம் மீனையே தேர்ந்தெடுக்க வேண்டும். எஞ்சியது ஆணாயிருந்தால் சில வாரங்களில் அது பெண்ணாகத் தொடங்கும். வந்த சிறியது ஆணாக வளரும். முதல் சில நாட்களில் பெரியது விரட்டும். சிறியது பக்கவாட்டில் சாய்ந்து உடலை நடுக்கிக் காட்டும். அது நோய் அன்று. அடங்கினேன் என்று அறிவிக்கும் முறை. அதைக் கண்டவுடன் பயந்து மீனை வெளியே எடுத்துவிடாமல், இரண்டும் ஒரே கடற்சாமந்தியில் படுத்துறங்கும் இரவு வரை காத்திருப்பது போதும்.